டாக்கிங் மதிப்பெண்ணை நம்பி மருந்து சொல்லாதீர்கள்

"குர்குமின் இந்தப் புரதத்தோடு −8 மதிப்பெண்ணில் ஒட்டுகிறது, ஆகவே நல்ல மருந்தாகலாம்" என்று முடியும் கட்டுரைகளைப் படித்துச் சலித்துவிட்டது. குர்குமின் மஞ்சளில் உள்ள நிறப்பொருள்; டாக்கிங் என்பது ஒரு மூலக்கூறு புரதத்தில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணினியில் மதிப்பிடுவது. மதிப்பெண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு இறுக்கம். 2020-இல் கபசுரக் குடிநீரின் சேர்மங்களை வைத்தும் இதே மாதிரிக் கட்டுரைகள் மழையாகக் கொட்டின. அந்த −8-க்கு என்ன பொருள் என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

உடல் வெப்பத்தில் மோலுக்கு −8 கிலோகலோரி என்றால் பிரிகை மாறிலி, அதாவது புரதத்தில் பாதியை நிரப்பத் தேவைப்படும் செறிவு, ஏறக்குறைய 2 மைக்ரோமோலார். ஆனால் ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் மென்பொருளை எழுதியவர்களே 2010-இல் தந்த பிழை அளவு சுமார் 2.85 கிலோகலோரி. அது நூறு மடங்கு. உண்மை மதிப்பு 0.02 ஆகவும் இருக்கலாம், 200 ஆகவும் இருக்கலாம். இந்த லட்சணத்தில் −8.1 வாங்கியது −7.9 வாங்கியதை வென்றுவிட்டது என்று அட்டவணை வேறு!

சரி, 2 மைக்ரோமோலார் என்றே வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் அவ்வளவு சேருமா? 2001-இல் வந்த தைவான் ஆய்வில் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்தும் சராசரி உச்ச அளவு 1.77 மைக்ரோமோலார்தான். மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவில்தான் இருக்கும்; 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கு மேல் தூள் வேண்டும். வந்த கொஞ்சத்திலும் பெரும்பகுதி ரத்தப் புரதமான ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு திரிகிறது. நாம் குறிவைக்கும் புரதத்தை எட்டுவது மிச்சம்தான்.

குடல் சுவரும் கல்லீரலும் குளுகுரோனிக் அமிலத்தைச் சேர்த்துக் குளுகுரோனைடாக்கி இதைக் கழித்துவிடுகின்றன. சீரம் இல்லாத பிஎச் 7.2 கரைசலில் அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் சிதைகிறது. மூலக்கூறு எடை 368 என்பதால் வாய்வழி மருந்தாக ஒத்துவருமா என்று எடை முதலியவற்றை வைத்துச் சொல்லும் லிபின்ஸ்கி விதியில் மட்டும் முதல் வகுப்பில் தேர்ச்சி. அந்த விதிக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

உடனே மிளகைக் கொண்டுவருவார்கள். உண்மைதான்: 1998-இல் பெங்களூரு ஆய்வு ஒன்றில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உறிஞ்சப்படும் அளவு 20 மடங்கு ஏறியது. ஆனால் பைப்பரின் தடுக்கும் நொதிகளே மற்ற மருந்துகளையும் கழிக்கின்றன. வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்த மருந்தான புரோப்ரனலால் அளவுகளும் கூடவே ஏறும். பைப்பரினைச் சேர்க்கும் கணினி மாதிரியில் நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் சேர்க்க வேண்டும்.

எம்.எஸ்சி. ஆய்வேடு எழுதுகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இம்பாட் தரவுத்தளத்தில் இந்திய மூலிகைச் சேர்மங்களின் வடிவங்கள் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் குர்குமின் கோப்பு டைகீட்டோ வடிவில் இருந்தால் ஈனால் வடிவமாக (ஒரு ஹைட்ரஜன் இடம் மாறிய அதே சேர்மம்) மாற்றுங்கள். கரைசலில் பெரும்பாலும் அதுதான். புரதத்தின் படிக அமைப்பில் ஏற்கெனவே ஒட்டியுள்ள மூலக்கூறை எடுத்துவிட்டுத் திரும்ப டாக் செய்யுங்கள். 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் பழைய இடத்திலேயே உட்காரவில்லை என்றால் பெட்டியின் (மென்பொருள் தேடும் பகுதியின்) இடமோ அளவோ வேறு ஏதோ அமைப்போ தப்பாக இருக்கலாம், சரிசெய்யாமல் மேற்கொண்டு போகாதீர்கள். கடைசியாகக் குளுகுரோனிக் அமிலம் சேர்ந்த குர்குமினையும் அதே பெட்டியில் போட்டுப் பாருங்கள். ரத்தத்தில் சுற்றுவது பெரும்பாலும் அதுதான்.