விசார்டின் புத்தகத்தில் வெற்றுப் பக்கங்கள் எதற்கு இருக்கின்றன?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை ஆடுகிற எந்தக் குழுவிலும் ஒருநாள் இந்த வாக்குவாதம் வரும். லெவல் ஏறும்போது தானாகக் கிடைக்கிற இரண்டு மந்திரங்களைத் தாண்டி விசார்ட், அதாவது மந்திரங்களைப் புத்தகத்தில் எழுதிவைத்துப் போடும் மந்திரவாதிப் பாத்திரம், வேறு மந்திரம் கற்கலாமா? கற்கலாம், விதியிலேயே இருக்கிறது. நான் அதற்கும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன்: கற்க வழி வைக்காத டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அந்த ஆட்டக்காரருக்குப் பாதி விசார்டைத்தான் ஆடக் கொடுக்கிறார்.

ஐந்தாம் பதிப்பின் கணக்கு இது. முதல் லெவலில் புத்தகத்தில் ஆறு மந்திரம், பிறகு லெவலுக்கு இரண்டு. 20ஆம் லெவலில் 44. இவ்வளவும் இலவசம். இதற்கு மேல் வேறொரு விசார்டின் புத்தகமோ ஸ்க்ரோலோ (மந்திரம் எழுதிய சுருள்) கிடைத்தால் அதைப் பார்த்துத் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். மந்திரம் விசார்ட் பட்டியலில் இருக்க வேண்டும், அந்த லெவல் மந்திரத்தைப் போடும் நிலைக்கு அவர் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். (மந்திரத்தின் லெவல் வேறு, விசார்டின் லெவல் வேறு.) மந்திரத்தின் ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு மணி நேரமும் 50 பொற்காசும் செலவாகும். ஸ்க்ரோல் என்றால் கூடவே ஓர் அர்கானா சோதனையும் (மந்திர அறிவைப் பார்க்க டைஸ் உருட்டுவது) உண்டு. தேறினாலும் தவறினாலும் ஸ்க்ரோல் போய்விடும்.

‘பேலன்ஸ் கெட்டுவிடும்’, அதாவது ஒரு பாத்திரம் மட்டும் மற்றவற்றைவிடப் பலசாலியாகிவிடும் என்பதுதான் இதற்கு எப்போதும் வரும் மறுப்பு. இதை நான் ஏற்கவே மாட்டேன். புத்தகத்தில் இருப்பது வேறு, அன்று காலையில் தயார் செய்துகொள்வது வேறு. புத்திக்கூர்மை 18 உள்ள ஐந்தாம் லெவல் விசார்ட் ஒரு நாளைக்குத் தயார் செய்யக்கூடியது ஒன்பது மந்திரம். புத்தகத்தில் 14 இருந்தாலும் சரி, 40 இருந்தாலும் சரி, ஒன்பதுதான். ஸ்லாட்டும், அதாவது ஒரு நாளில் மந்திரம் போடக்கூடிய தடவைகளும், ஒன்றுகூட ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிளெரிக்கை (தெய்வத்தின் அருளால் மந்திரம் போடும் பாத்திரம்) பாருங்கள். தினமும் காலையில் தன் வகுப்பின் முழுப் பட்டியலிலிருந்தும் காசு செலவில்லாமல் எடுத்துக்கொள்கிறார். ட்ரூயிடும் (இயற்கையின் சக்தியால் மந்திரம் போடும் பாத்திரம்) அப்படித்தான். அங்கே யாரும் பேலன்ஸ் என்று பேசுவதில்லை. காசும் நேரமும் கொடுத்துத் தேடிச் சேர்க்கிற ஒருவரிடம் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. சடங்கு மந்திரங்களில் விசார்டுக்கு உண்மையாகவே லாபம் உண்டு. அவற்றைத் தயார் செய்யக்கூடத் தேவையில்லை. புத்தகத்தில் இருந்தால் போதும், பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஸ்லாட் செலவில்லாமல் போடலாம். என்னைக் கேட்டால், கூடுதல் மந்திரம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. வாட்டர் பிரீதிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் ஒரு நாள் முழுக்க நீருக்கடியில் மூச்சு விடலாம். ஆனால் அது மூன்றாம் லெவல் மந்திரம். விசார்ட் ஐந்தாம் லெவலுக்கு வரும்போது கிடைக்கும் இரண்டே இடத்தில், நெருப்புக்குண்டு வீசும் ஃபயர்பாலையும் எதிரியின் மந்திரத்தை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல்லையும் விட்டுவிட்டு அதை யார் எடுப்பார்கள்? எடுக்க மாட்டார்கள், எடுக்கச் சொல்லவும் முடியாது. அதே மந்திரம் ஒரு பழைய புத்தகத்தில் கிடைத்தால் ஏரிக்கடியில் மூழ்கிக் கிடக்கும் கோயிலுக்கு மொத்தக் குழுவும் இறங்கிப் போகும். விசார்ட் மட்டும் பலசாலியாகவில்லை, கதைக்கே ஒரு வழி திறக்கிறது.

நான் ஆடிய ஒரு குழுவில் விசார்டாக ஆடிய தோழி நிஜமாகவே ஒரு நோட்டு வைத்திருந்தாள். லெவலுக்கு லெவல் தலைப்புப் போட்டு, மந்திரங்களைக் கையால் எழுதி, ஒவ்வொரு தலைப்புக்கும் பின்னால் நாலைந்து பக்கம் காலியாக விட்டிருந்தாள். பெரிய சண்டை ஒன்றில் எதிரி மந்திரவாதி விழுந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அவன் புத்தகம் எங்கே?” “எரிந்துவிட்டது” என்றார் டிஎம். அடுத்த எதிரிக்கும் அதே பதில். அதற்கப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்தக் காலிப் பக்கங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கேட்காது.

பழைய பதிப்புகளில் இது இன்னும் கடினம். 1978இல் வந்த விதிப்படி ஒவ்வொரு மந்திரத்துக்கும் டைஸ் உருட்டிப் பார்க்க வேண்டும்: புத்திக்கூர்மை 18 என்றால் கற்க 85 சதவீத வாய்ப்பு, 9 என்றால் 35தான். 2003இல் வந்த 3.5 பதிப்பில் ஒரு பக்கம் எழுத 100 பொற்காசு, ஒரு மந்திரத்துக்கு ஒரு நாள். கடினமாக வைத்தார்களே தவிர, இந்த இரண்டிலும் கதவைச் சாத்தவில்லை. ஐந்தாம் பதிப்பின் 2024 திருத்தத்தில் நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. முன்பு தன் துறை (தான் தேர்ந்தெடுத்த மந்திர வகை) சார்ந்த மந்திரத்தைப் பார்த்து எழுத விசார்டுக்குப் பாதிக் காசும் பாதி நேரமும் போதும். அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, துறை மந்திரங்கள் சிலவற்றை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். ஆட்டக்காரருக்கு இது நல்லதுதான். ஆனால் பல மேசைகளில் பார்த்து எழுத எதுவுமே கிடைக்கவில்லை, அதனால் சலுகை வீணாய்ப் போனது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

டிஎம்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எதிரி மந்திரவாதி சண்டையில் எதைப் போட்டாரோ அது அவர் புத்தகத்தில் இருக்கட்டும். எதிரிகளின் விவரங்களைத் தரும் 2014 மான்ஸ்டர் மேனுவலில் வரும் சாதாரண ‘மேஜ்’ என்ற மந்திரவாதி கையில் ஷீல்டிலிருந்து கோன் ஆஃப் கோல்ட் வரை, கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத எளிய மந்திரம்) போக, 12 மந்திரம். அத்தனையையும் எழுதிக்கொள்ள 60 மணி நேரமும் 1500 பொற்காசும் வேண்டும். அவ்வளவு காசு எந்தக் குழுவிடமும் சும்மா கிடக்காது. எதை முதலில் எழுதுவது, யாரிடம் கடன் கேட்பது, ஊரில் எத்தனை நாள் தங்குவது என்று அந்த மேசையே பேச ஆரம்பித்துவிடும்.