கீமோ எடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் தாமான் புலனக் குழுவில் ஓடிய அந்தக் குரல் பதிவை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். நான் மூன்று முறை கேட்டேன். "கீமோ போடாம விட்டிருந்தா அக்கா இன்னும் இருந்திருக்கும்." புற்றுநோய்க்குக் கீமோ என்ற மருந்துச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த அந்த அக்காவுக்குக் கருமக்கிரியைகூட முடியவில்லை. அதற்குள் இப்படிப் பேச எப்படி மனசு வருகிறது?

அக்காவைக் கொண்டுபோனது ரத்தத்தில் கலந்த பாக்டீரியா. டாக்டர் அப்படித்தான் சொன்னார் என்று அவர் மகளே அழுதுகொண்டு என்னிடம் சொன்னாள். ராத்திரி ஒன்பது மணிக்குக் காய்ச்சல். இரண்டு பெனடோல் காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். விடியும்போது பேச்சில்லை.

குடும்பத்தை நான் குறை சொல்லவில்லை. நானும் அதைத்தான் செய்யப் போனேன். அம்மாவுக்கு இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள். முப்பது வருசம் பால்மரம் வெட்டியவர், காய்ச்சலுக்கெல்லாம் ஆஸ்பத்திரி போனதே கிடையாது. "சுக்குக் கோப்பி போடு, சரியாயிடும்" என்றார். டம்ளரை நீட்டியபோது விரல் பட்டது, அப்படி ஒரு சூடு. அளந்தால் 38.6 டிகிரி செல்சியஸ். பெனடோலைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டேதான் ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். கீமோ வார்டு தாதி கொடுத்தது. 38.3 ஒரு தடவை காட்டினாலும், 38 ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றாலும் உடனே வரவேண்டும் என்று எழுதியிருந்தது. மாத்திரையை அப்படியே வைத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

அங்கே போனால், நம்பர் எடுத்து உட்காரச் சொன்னார்கள். "கீமோ! டெமாம்!" (காய்ச்சல்) என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். அப்புறம்தான் உள்ளே கொண்டுபோனார்கள். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் 200தான் இருந்தது.

கீமோ மருந்து எலும்பு மஜ்ஜையையும் அடிக்கிறது. பல மருந்துகளில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். நியூட்ரோபில் 500க்குக் கீழே போய்விட்டால், நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை பாக்டீரியாகூட ரத்தத்தில் ஏறி ஆளைச் சாய்த்துவிடும். சீழ் பிடிக்காது, பெரிதாக வீங்காது. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த வெள்ளை அணுக்கள்தான், அதுவே இல்லாதபோது எங்கே பிடிக்கும்? பல பேருக்குக் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பெனடோல் அதையும் மறைத்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியாக, கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் ஏறவேண்டும்.

"வீட்டைச் சுத்தமாகத்தானே வைத்திருந்தார்கள்" என்பீர்கள். சுத்தம் வேண்டும்தான், ஆனால் கிருமி உடம்புக்குள்ளேயே இருக்கிறதே. "விதி" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. "நீ என்ன டாக்டரா?" இல்லை. டாக்டர் சொன்னதைத்தான் சொல்கிறேன். "ராத்திரியில் வண்டிக்கு எங்கே போவது?" இது நியாயமான கேள்வி. தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு இது பெரிய கஷ்டம், எனக்குத் தெரியும். 999க்கு அடியுங்கள், எங்கள் கதவைத் தட்டுங்கள். நான் வருகிறேன்.

அம்மாவைப் பார்க்க வந்தவர்களை நான் வாசலோடு திருப்பி அனுப்பியதும் இன்றுவரை பேச்சாக இருக்கிறது. சளியோடு வந்தவரை உள்ளே விடவில்லை, "திமிர் பிடித்தவள்" என்றார்கள். கீரைப் பாத்தியில் கை வைக்கவும் அம்மாவை விடவில்லை. நம் ஊர் ஈர மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றைக் கொடுக்கும் கிருமி இருக்கிறது, அம்மாவுக்கோ இனிப்புநீரும் இருக்கிறது. அதற்கும் "பெத்தவளைக் கட்டிப்போட்டுட்டா" என்றார்கள். கேட்டுக்கொண்டேன். அழுதேன், யாருக்கும் தெரியாது.

ஆனால் இந்தக் குரல் பதிவைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. அடுத்த லயத்து அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, புதன்கிழமை கீமோவுக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதிவு போட்டவரே, தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். அழித்ததை அண்ணனிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், புதனுக்கு முன்னால்.