உதவிக்குப் போனவளையே ஏன் திட்டுகிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை பேஸ்கட்பால் ஃபைனலில் நம்ம பிள்ளைகள் தோற்றதற்கு ஒன்பதாம் நம்பர் பெண்தான் காரணம் என்று நம்ம குரூப்பில் ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். "தன் ஆளை விட்டுட்டு எதுக்கு ஓடினா?" இதே கேள்விதான் எல்லா இடத்திலும். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அவள் செய்தது சரி.

அந்தக் கடைசி நிமிடத்தை இன்னொரு முறை பாருங்கள். நாம் ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம். அவர்களுடைய உயரமான பெண் ரிங்குக்குப் பக்கத்தில் பந்தை வாங்கிவிட்டாள். அவளைப் பிடித்திருந்த நம்ம பிள்ளை அவள் தோள் உயரம்தான். திரும்பிப் போட்டால் மேட்ச் போச்சு. அப்போதுதான் எதிர்ப்பக்க கார்னரில் நின்ற எதிரணிப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பதாம் நம்பர், ரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேஸ்லைன் கோட்டை ஒட்டி ஓடிவந்து டபுள் டீம் போட்டாள், அதாவது இன்னொருத்தியாகச் சேர்ந்து மறித்தாள். இரண்டு கையும் மேலே, உடம்பு இடிக்கவில்லை, ஃபவுலும் இல்லை. திரும்ப வழியில்லாமல் அந்தப் பெண் பந்தை அந்த கார்னருக்கே வீசினாள். அங்கிருந்து த்ரீ பாயிண்ட் விழுந்தது.

டபுள் டீம் போட்டால் மிச்சம் மூன்று பேர் நான்கு பேரைப் பார்க்க வேண்டும். ஒருத்தி ஃப்ரீயாக இருப்பாள் என்று தெரிந்தேதான் போடுகிறோம். அதனால்தான் பந்து காற்றில் இருக்கும்போதே மற்றவர்கள் ரொட்டேட் ஆக வேண்டும், அதாவது இடம் மாறி ஃப்ரீயான ஆளைப் பிடிக்க வேண்டும். விங்கில், அதாவது கார்னருக்கு மேலே பக்கவாட்டில் நின்ற நம்ம பெண் கார்னருக்கு ஓடியிருக்க வேண்டும். வீடியோவில் அவள் கால் நகரவே இல்லை. அவளையும் நான் திட்டவில்லை, நாலாவது குவார்ட்டரில் களைத்துப்போன பிள்ளை. ஆனால் நின்றவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஓடியவளுக்கு மட்டும் இத்தனை ஏச்சா?

"ஷூட்டரை விட்டுட்டுப் போகலாமா?" என்பீர்கள். கார்னரில் த்ரீ பாயிண்ட் கோடு ரிங்கிலிருந்து 6.6 மீட்டர். அங்கிருந்து ஒரு பள்ளிப் பிள்ளை போடுவது சுலபமா, ரிங்கடியில் நின்று போடுவது சுலபமா? எதிராளியைக் கஷ்டமான ஷாட்டுக்குத் தள்ளினாள். அது விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் பெரிய பேஸ்கட்பால் லீக்கான என்பிஏவையே பாருங்கள். 1997 என்பிஏ ஃபைனல்ஸ் ஆறாவது மேட்ச். ஸ்கோர் 86-86. சிகாகோவின் மைக்கேல் ஜோர்டானை டபுள் டீம் போட எதிரணி யூட்டாவின் ஜான் ஸ்டாக்டன் தன் ஆளான ஸ்டீவ் கெர்ரை விட்டுவிட்டுப் போனார். பந்து கெர்ருக்குப் போனது, அவர் போட்டார், சிகாகோ கப்பை வாங்கியது. என்பிஏ வரலாற்றிலேயே அதிக ஸ்டீல் எடுத்தவர், அதாவது எதிராளியிடமிருந்து அதிக முறை பந்தைப் பறித்தவர் ஸ்டாக்டன். அவருக்கு டிஃபென்ஸ் தெரியாது என்பீர்களா? "அது என்பிஏ, இது சேலம்" என்று சொல்லாதீர்கள். ஐந்து பேர் ஆட்டம் எங்கேயும் ஐந்து பேர் ஆட்டம்தான்.

நான் பள்ளியில் ஆடியபோது ஏற்காட்டில் ஒரு மேட்ச். பனியில் பந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. என் தோழி இதேபோல உதவிக்குப் போனாள், அவள் ஆள் போட்டுவிட்டாள், தோற்றோம். பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வரும்வரை அவளோடு யாரும் பேசவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் அவள் தன் ஆளை விட்டு ஓரடி நகர்ந்ததில்லை. பக்கத்தில் நாங்கள் "ஹெல்ப், ஹெல்ப்" என்று கத்தினாலும் வரமாட்டாள். அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். அவளை அப்படி ஆக்கியது நாங்கள் எல்லோரும்தான்.

கேலரியில் உட்கார்ந்து தன் பிள்ளை எத்தனை பாயிண்ட் என்று மட்டும் எண்ணுகிற பெற்றோருக்கு இது புரிவதில்லை. ஸ்கோர் ஷீட்டில் புள்ளியும் ஃபவுலும் ஏறும், ஓடிப்போய் வழியை மறித்தது ஏறாது. காலையில் காந்தி ஸ்டேடியத்துக்கு வந்து பிராக்டிஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்கு அங்கே கற்றுக்கொடுப்பதே இதைத்தான். சொல்லிக்கொடுத்ததைச் செய்த பிள்ளையை "அடுத்த மேட்ச் பெஞ்சில் உட்கார வையுங்க" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். கீழே நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

ஐயா, அந்த குரூப்பில் அவளுடைய அம்மாவும் இருக்கிறார். காலையில் எனக்கு போன் பண்ணி, "பிள்ளை கோர்ட்டுக்கே வரமாட்டேங்குது" என்றார். எழுதியதை இன்றைக்குள் எடுத்துவிடுங்கள்.