லிலியம் கவிழ்ந்தது அந்த 5 கோடி யூரோவால் இல்லை

ஜெர்மனியின் பறக்கும் டாக்சி நிறுவனமான லிலியம் பற்றிப் பேச்சு வந்தாலே பலரும் அரசைத்தான் குறை சொல்கிறார்கள். 2024 அக்டோபரில் நாடாளுமன்ற பட்ஜெட் குழு 5 கோடி யூரோ கடன் உத்தரவாதத்தை மறுத்தது, அதனால்தான் திவால் என்று. பவேரியா மாநிலம் இன்னொரு 5 கோடிக்குத் தயாராக இருந்ததும் உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே நூறு கோடி டாலருக்கு மேல் முதலீடு வந்து கரைந்துவிட்டது. இந்தப் பணம் கிடைத்திருந்தாலும் சில மாதங்கள் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

கோளாறு 2015இல், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த வடிவத்திலேயே இருந்தது என்பேன். ஹெலிகாப்டரின் பெரிய இறக்கை நிறைய காற்றை மெதுவாகக் கீழே தள்ளும். செங்குத்தாக எழும்பி இறங்கும் அவர்களின் பேட்டரி விமானமான லிலியம் ஜெட்டில் இருந்தவை குழாய்க்குள் சுழலும் சின்ன விசிறிகள், முதலில் 36, பிறகு 30. காற்று போகும் பரப்பு நான்கில் ஒரு பங்கானால், அதே எடையை அந்தரத்தில் நிறுத்த ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்திறன் வேண்டும்.

அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. சத்தம் குறைவு, முன்னோக்கிப் பறக்கும்போது சிக்கனம், செங்குத்தாக எழும்புவது கொஞ்ச நேரம்தானே என்றார்கள். சரி, இறங்குவது? பேட்டரி வற்றிப்போன கடைசி நேரத்தில்தான் அதனிடம் உச்சத் திறனைக் கேட்கிறோம். சார்ஜ் குறையும்போது மின்னழுத்தமும் இறங்கும். இறங்கும் இடத்தில் தடை இருந்தால் வேறிடம் போக இருப்பும் வேண்டும். இத்தனையையும் தாங்குகிற பேட்டரிக்காகக் காத்திருந்தபோதே, முதலில் 300 கிலோமீட்டர் என்று சொன்ன தூரம் பின்னாளில் 175 ஆகிவிட்டது. சோதனை மாதிரிகள் ஆளில்லாமல்தான் பறந்தன. ஆள் ஏறிய முழு விமானம் கடைசிவரை எழும்பவேயில்லை.

இதை மோசடி என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அங்கே நேர்மையாக உழைத்த பொறியாளர்கள் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு வேலை போனது. அப்புறம் புது முதலீட்டாளர்கள் மீட்கிறோம் என்றார்கள், பணம் வரவில்லை, 2025 பிப்ரவரியில் மறுபடி திவால். அதே ஆண்டில் போட்டி நிறுவனமான ஆர்ச்சர், லிலியத்தின் சுமார் 300 காப்புரிமைகளை 1.8 கோடி யூரோவுக்கு வாங்கிக்கொண்டது. நூறு கோடிக்கு மேல் கொட்டிய இடத்தில் இவ்வளவுதான் தேறியது என்று படித்தபோது மனசு கனத்துவிட்டது.