ஆஞ்சியோ நார்மல் என்றால் நெஞ்சுவலி வெறும் வாயுதானா?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "ஆஞ்சியோகிராம் நார்மலா? அப்போ வாயுதான். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டுப்பால் குடியுங்கள்." இது தவறு.

ஆஞ்சியோகிராம் என்பது இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சோதனை. அதில் பெரிய ரத்தக்குழாய்கள்தான் தெரியும். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய்கள் தெரியாது. அவை தேவைக்கேற்ப விரியாவிட்டாலோ, திடீரென இறுகினாலோ இதயத்துக்கு ரத்தம் குறைந்து வலிக்கும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம் இதற்குக் காரணமாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. மாடிப்படி ஏறி இறங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்துத் தூணில் சாய்கிற ஆச்சியிடம் "வாயு" என்று சொல்லிவிடாதீர்கள்.

இந்தச் சின்னக் குழாய்களில், குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைக்க முடியாது. பீட்டா பிளாக்கர், கால்சியம் சேனல் பிளாக்கர், ஸ்டாட்டின் என மருந்துகள் உண்டு. எது என்பதை இதய மருத்துவர் சொல்வார். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலிலும் இதைப் பார்க்கலாம்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். வலி ஓயாவிட்டால் உடனே 108.