அஷ்ரப் சேரின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்

அவர் வபாத்தான நாளான செப்டெம்பர் 16 வந்தால் கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எல்லாருடைய முகநூலிலும் முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் படம்தான். குர்ஆன் ஓதித் துஆ கேட்கிறோம், அவருடைய பழைய பேச்சுகளைப் பகிர்கிறோம். நல்ல விஷயம். ஆனால் அந்தப் படத்தைப் போஸ்டரில் போட்டு வாக்குக் கேட்கிறவர்கள், அவர் பார்த்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதில் எனக்குத் தீராத கோபம் உண்டு.

1948இல் சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த சட்டத்தரணி அவர். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு ஒரே மேடையில் நின்றவர். பிறகு வழி பிரிந்தது. 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸைத் (மு.கா.) தொடங்கினார். 1986இல் அதை அரசியல் கட்சியாக்கினார். அடுத்த வருடமே இலங்கை - இந்திய ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் இணைத்தது. கிழக்கு முஸ்லிம்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பெரிய கட்சிகளிலும் முஸ்லிம் தலைவர்கள் இருந்தும் நமக்காகப் பேச ஆளில்லை என்பது அன்றைக்குத்தான் சனங்களுக்கு உறைத்தது. 1988 மாகாண சபைத் தேர்தலில் வடகிழக்கில் மு.கா. 17 ஆசனங்களை எடுத்தது சும்மா இல்லை.

அவர் செய்ததிலேயே பெரியது என்று நான் நினைப்பது அதற்கடுத்து வந்தது. அன்றைய சட்டப்படி ஒரு மாவட்டத்தில் 12.5 வீதத்துக்குக் குறைவாக வாக்கெடுத்த கட்சி ஆசனப் பங்கீட்டுக்குள்ளேயே வர முடியாது. சிதறி வாழும் சமூகத்துக்கு அது பூட்டிய கதவு. 1988 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல். ஐ.தே.க. வேட்பாளர் பிரேமதாசவுக்கு முஸ்லிம் வாக்கு வேண்டும். வேறு யாராவது என்றால் அமைச்சுப் பதவி கேட்டிருப்பார்கள். இவர் அந்த 12.5ஐ 5 ஆக்கச் சொன்னார். தேர்தலுக்கு முன்பே அரசியலமைப்பின் 15ஆவது திருத்தமாக அது நிறைவேறியது. 1989இல் மு.கா. 4 ஆசனங்களோடு பாராளுமன்றத்துக்குள் போனது. அந்த வெட்டுப்புள்ளியால் பயன்பட்டது நாம் மட்டுமா? நாடு முழுக்க உள்ள சிறிய கட்சிகளுக்கெல்லாம் அதுதான் வாசல்.

1990ஐ எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் புலிகள் நடத்திய படுகொலை, பிறகு ஏறாவூரில், ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றம். தமிழ்ப் பகுதியிலிருந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலைக் கம்பஸுக்குத் தெரிவாகியிருந்த எங்கள் ராத்தா, கட்டி வைத்த பேக்கைத் திரும்ப அவிழ்த்தார். தெரிவான கடிதம் நீண்ட காலம் அலுமாரியில் உம்மாவின் சாரிகளுக்கு நடுவே கிடந்தது. இப்படி எத்தனை வீடுகள். அதனால்தான் 1994இல் 7 ஆசனங்களோடு சந்திரிகாவின் அரசில் அமைச்சரானவுடன் அவர் பல்கலைக்கழகத்தைக் கையில் எடுத்ததை நான் சலுகை அரசியல் என்று சொல்ல மாட்டேன். 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வளவில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1996 மே மாதம் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. இன்றைக்குக் காலையில் ஒலுவில் பக்கம் போய்ப் பாருங்கள். யாழ்ப்பாணப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். குருநாகல் பையன் ஒருவன் அரைகுறைத் தமிழில் "காக்கா, ஒரு பிளேன்டீ" என்று கேட்க, கடைக்காரர் அவனுக்குச் சிங்களத்திலேயே கணக்குச் சொல்கிறார்.

குறையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. கட்சி முழுக்க அவர் ஒருவரையே சுற்றி நின்றது. இரண்டாம் வரிசை வளரவில்லை. 2000ஆம் ஆண்டு அரநாயக்க மலையில் ஹெலிகொப்டர் விழுந்து அவர் வபாத்தான பிறகு, தலைமைக்கு இரண்டு பேர் என்று தொடங்கி, கொஞ்சக் காலத்திலேயே துண்டு துண்டானது. அடுத்தது, மேடையில் மார்க்கத்தைக் கலந்து சூடேற்றியதில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையிலான கசப்பும் சேர்ந்தே ஏறியது. அவருக்கே அது விளங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் 1999இல் எல்லா இனத்தவரையும் சேர்க்க தேசிய ஐக்கிய முன்னணியை ஏன் உருவாக்கினார்? அந்த முன்னணி சந்தித்த முதல் பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே அவர் போய்விட்டார். வாரிசு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் கட்சியின் மரச் சின்னத்துக்காகச் சண்டை பிடித்தார்களே தவிர, இந்தக் கடைசி முயற்சியை அவர் நினைத்த மாதிரி வளர்க்கவில்லை.

அப்புறம் ஒலுவில் துறைமுகம். அது அவருடைய கனவு. 2013இல் திறந்தார்கள். சில வருடங்களிலேயே வாயை மணல் மூடியது. வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்றது, தென்னந்தோப்புகள் வேரோடு விழுந்தன, தோணியை இறக்கும் இடமே இல்லாமல் மீனவர்கள் நின்றார்கள். அவர் இருந்திருந்தால் கடலரிப்புக்கு ஒரு முடிவு காணாமல் அமைச்சில் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வருட நினைவுக் கூட்டத்துக்கும் பேச்சாளர் பட்டியல் வந்துவிட்டது. ஒழுங்கு செய்கிற தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள்: மேடை ஏறுகிற ஒவ்வொரு எம்.பி.யிடமும் ஒலுவில் கரைக்கு என்ன செய்தீர்கள், துறைமுகத்துக்குக் காணி கொடுத்து நஷ்டஈடு கிடைக்காத குடும்பங்களுக்காக எங்கே பேசினீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் சொன்ன பிறகு தலைவரைப் பற்றிப் பேசட்டும்.