அரை மார்க் தகராறு

போன ஞாயிறு நானும் தாளமும் கிட்டத்தட்டப் பேச்சை முறித்துக்கொண்டோம். காரணம், அரை மார்க்.

தாளம் அவனுடைய நிஜப் பெயரில்லை. விடுதி மெஸ்ஸில் சாம்பார் வாளி எங்கள் வரிசைக்கு வரும்வரை தட்டில் கரண்டியால் வாசித்துக்கொண்டே இருப்பான். அப்போது ஒட்டிய பெயர். இப்போது அவன் மகளே அதைச் சொல்லித்தான் அவனைக் கிண்டல் செய்கிறாள். மூன்று வருஷமாக எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. வாரத்துக்கு ஒரு பழைய ஆல்பம், ராக் அல்லது ஃபோக் (மேல்நாட்டு நாட்டுப்புறப் பாணி), 1975-க்குள் வந்ததாக இருக்க வேண்டும். தாவித் தாவிக் கேட்கக் கூடாது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்த இடத்தில் கேட்க வேண்டும். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு இருவரும் ஒரே நேரத்தில் மார்க்கை வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். என்னுடையது முதலில் போனால் வேண்டுமென்றே எதிராகப் போடுவான், அவன் குணம் எனக்குத் தெரியும். பத்துக்குப் போடுகிறோம். அரை மார்க் உண்டு, கால் கிடையாது. பிறகு அவன் கோவையிலிருந்து கூப்பிடுவான், சண்டை தொடங்கும்.

எல்லா வாரமும் சண்டை இல்லை. ஜோனி மிட்செலின் 'ப்ளூ' எங்கள் முறைக்கு வந்த அன்று இரண்டு ஃபோனிலும் 9.5. ஆறு நிமிஷத்தில் பேச்சு முடிந்து மீதி நேரம் அவன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' வந்த அன்று நான் 10, அவன் 5. 1971 அக்டோபரில் லண்டனில் இரண்டே இரவில் பதிவு செய்தது. ஒரு குரல், ஒரு கிடார், முதல் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. மொத்தம் 28 நிமிஷம். "அடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லைடா, ஒரு டிரம்ஸ்கூட இல்லை, நான் என்னத்துக்கு மார்க் போடுறது?" என்றான். ஒருவன் ராத்திரியில் தனக்குத்தானே பாடிக்கொள்வதற்கு டிரம்ஸ் எதற்கு என்று கேட்டேன். அன்று வெளிப்பட்டதுதான் எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம். அவன் ராக் காரன், ஃபோக் அவனுக்குப் பந்தியில் முதலில் வைக்கும் உப்பு மாதிரி. எனக்கு அதுவேதான் சாப்பாடு.

மார்க் போடுவதே பைத்தியக்காரத்தனம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்புக்கொள்கிறேன். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 ஆல்பம் பட்டியலில் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' 2003-ல் முதல் இடம், 2020-ல் 24. அதே 'ப்ளூ' 30-ல் இருந்து 3-க்கு வந்தது. இசைத்தட்டில் ஒரு கோடுகூட மாறவில்லை, ஓட்டுப் போட்டவர்கள்தான் மாறினார்கள். அத்தனை பெரிய பத்திரிகைக்கே அந்தக் கதி என்றால் நாங்கள் இரண்டு பேர் எம்மாத்திரம். ஆனாலும் மார்க் போடுவதில் ஒரு லாபம் உண்டு. 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு நழுவ முடியாது. ஏன் 8, ஏன் 9 இல்லை என்று எதிரில் ஒருவன் கேட்கும்போதுதான் நமக்கே தெரிகிறது, நாம் எதைக் கேட்டோம், எதைக் கேட்காமல் விட்டோம் என்று.

இனி அந்த அரை மார்க்.

போன வாரத்து ஆல்பம் லெட் ஜெப்பெலின் என்ற ராக் குழுவின் முதலாவது, 1969 ஜனவரியில் வந்தது. 36 மணி நேரத்தில் பதிவை முடித்துவிட்டதாக அதன் கிடார்காரர் ஜிம்மி பேஜ் சொல்வார். தாளத்துக்கு அது வேதம். 10 போட்டான். நான் 8.5. ஒன்றரை மார்க் எங்கே போனது என்று கேட்டான். ஒரு மார்க் எனக்குப் பிடிக்காத இரண்டு நீளமான ப்ளூஸ் பாட்டுக்கு என்றேன், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். மீதி அரை மார்க், பெயர் போடாததற்கு என்றேன். அங்கேதான் வெடித்தது.

விஷயம் இதுதான். அந்த ஆல்பத்தில் 'பிளாக் மவுன்டன் சைட்' என்று ஒரு சின்ன கிடார் துண்டு இருக்கிறது, இரண்டு நிமிஷம் சொச்சம். தபேலா வாசித்தவர் விரம் ஜசானி, அவர் பெயர் உறையில் இருக்கிறது. இயற்றியவர் என்ற இடத்தில் ஜிம்மி பேஜ் மட்டும். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர் பெர்ட் ஜான்ஷ் 1966-ல் 'ஜாக் ஓரியன்' என்ற ஆல்பத்தில் 'பிளாக்வாட்டர்சைட்' வாசித்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், விரல் போகிற வழி உட்பட ஒன்றுதான் என்பது கிடார் தொட்டே பார்க்காதவர்களுக்கும் கேட்கும்.

அதைவிட மோசம் 'பேப் ஐயம் கோன்னா லீவ் யூ'. உறையில் 'பாரம்பரியப் பாடல், பேஜ் அமைத்தது' என்று போட்டார்கள். பாட்டை எழுதிய ஆன் ப்ரெடன் அப்போது உயிரோடு கலிஃபோர்னியாவில் இருந்தார்! 1950-களின் கடைசியில் எழுதியது. ஜோன் பாயஸ் 1962-ல் தன் கச்சேரி ஆல்பத்தில் பாடினார், அந்தத் தட்டிலும் அது பாரம்பரியம் என்றே வந்தது, இவர்கள் அதைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். ஜெப்பெலின் பாடியிருக்கிற சேதியே அந்த அம்மாவுக்கு 80-களில்தான் தெரிந்தது. 1990-லிருந்து அவர் பெயரும் சேர்ந்தது. பாட்டி காலத்துப் பாட்டு என்று நாம் வாய் கூசாமல் சொல்லிவிடுகிறோம் பாருங்கள், அந்தப் பாட்டி சில சமயம் பக்கத்துத் தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பாள்.

தாளம் அடங்கவில்லை. "காதுக்கு உறை தெரியுமா? சத்தத்துக்குத்தானே மார்க்? கோர்ட்டா நடத்துறோம் இங்கே?"

நான் சைமன் அண்ட் கார்ஃபங்கலை இழுத்தேன். 'ஸ்கார்பரோ ஃபேர்' அமைப்பை பால் சைமன் லண்டனில் மார்ட்டின் கார்த்தி என்ற ஃபோக் பாடகரிடம் கற்றுக்கொண்டார். 1966-ல் வந்த தட்டில் கார்த்தியின் பெயர் இல்லை. அந்த மனத்தாங்கல் பல வருஷம் இருந்து, 2000-ல் லண்டன் மேடையில் இருவரும் சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடியபோதுதான் தீர்ந்தது. இதற்கும் அரை மார்க் குறைப்பேன், ஜெப்பெலின்மேல் எனக்குத் தனிப் பகை ஒன்றும் இல்லை என்றேன்.

அவன் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரிக் கேட்டான்: "கார்த்திக்கு யார் கொடுத்தா?"

வக்கீலாகப் போயிருக்க வேண்டியவன். கார்த்தி அதைக் கற்றது யூவன் மெக்காலும் பெகி சீகரும் போட்ட பாட்டுப் புத்தகத்திலிருந்து. மெக்காலுக்குப் பாடிக் காட்டியவர் வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மார்க் ஆண்டர்சன் என்ற கிழவர், 1947-ல். அவருக்கு யார் பாடிக் காட்டினார்கள்? பெர்ட் ஜான்ஷ் கதையும் அப்படியே. 'பிளாக்வாட்டர்சைட்' அவருக்குக் கிடைத்தது ஆன் பிரிக்ஸ் என்ற பாடகியிடமிருந்து, அவருக்குப் பழம்பாட்டுகளைச் சேகரித்த ஏ.எல். லாய்ட் சொல்லிக்கொடுத்தது. "இப்போ சொல்லு, யார் வரைக்கும் மார்க்கைக் குறைச்சுட்டே போவே? ஈயச் சுரங்கம் வரைக்குமா?"

எனக்கு ஒரு நிமிஷம் பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால் இரண்டு நாள் வரவில்லை. புதன்கிழமை பஸ்ஸில் போகும்போதுதான் வந்தது. கார்த்தி அந்தப் பாட்டைத் தான் இயற்றியதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஜான்ஷும் அந்த மெட்டைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. கைமாறி வந்ததைக் கைமாறி வந்தது என்று சொல்வதும், கைமாறி வந்ததற்குக் கீழே தன் கையெழுத்தைப் போடுவதும் ஒன்றாகுமா? கல்யாண வீட்டில் இரவல் நகை போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. என் மாமியார் போட்டது என்று கதை விட்டால்தான் பேச்சு வரும்.

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்துக் குழுவைப் பாருங்கள். 1969 மே மாதம் கச்சேரி முடித்துத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் வேன் உருண்டு, 19 வயசு டிரம்மர் மார்ட்டின் லாம்பிளும், கிடார் வாசித்த ரிச்சர்ட் தாம்ப்சனின் தோழியும் இறந்துபோனார்கள். குழு கலைந்திருக்கும். அவர்கள் ஹாம்ப்ஷயர் கிராமத்தில் ஒரு வீடு எடுத்துத் தங்கி, பழைய கதைப்பாடல்களை எடுத்து, மின்சாரக் கிடாரும் வயலினும் டிரம்ஸும் சேர்த்துப் புதுசாக வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த டிசம்பரிலேயே வந்தது 'லீஜ் அண்ட் லீஃப்'. 'டாம் லின்' ஏழு நிமிஷத்துக்கு மேல். தேவதைகளின் அரசியிடம் சிக்கியவனை ஒரு பெண் மீட்கிற கதை. அவர்களுடைய பாடகி சாண்டி டென்னி அதைப் பாடுகிற விதத்தில் ஒரு பதற்றமும் இருக்காது, ஊரில் நடந்த சமாச்சாரத்தைத் திண்ணையில் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போவார். பயமெல்லாம் பின்னால் டேவ் மட்டாக்ஸின் டிரம்ஸில் இருக்கும். பழம்பாட்டுகளுக்கெல்லாம் பாரம்பரியம் என்று போட்டிருக்கிறார்கள், இங்கே அது நிஜம். அந்த ஆல்பத்துக்கு நான் 10 போட்டேன். தாளமும் 9 போட்டான், டிரம்ஸுக்காக.

ஜெப்பெலினுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். நாலாவது ஆல்பத்தின் வெளி உறையில் எந்தப் பெயருமே இல்லை, உள்ளே ஆளுக்கொரு சின்னம். அதில் ஒரு பாட்டில் கூடப் பாட வந்த அதே சாண்டி டென்னிக்கும் தனியாக ஒரு சின்னம் கொடுத்திருக்கிறார்கள். 'வென் த லெவி பிரேக்ஸ்' 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி 1929-ல் பதிவான ப்ளூஸ். இயற்றியவர் வரிசையில் அதில் கிடார் வாசித்த மெம்ஃபிஸ் மினியின் பெயரைச் சேர்த்தார்கள், பாடிய கான்சாஸ் ஜோ மெக்காயை விட்டுவிட்டார்கள். பாதிக் கிணறு. பழைய பெரிய வீடு ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து, மேலே கைப்பிடியிலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பிடித்த சத்தம் அது. அந்த ஒரு பாட்டுக்காகத் தாளம் பதினொன்று போடத் தயார்.

வியாழக்கிழமை என் பதிலை நீளமாக எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு ஃபோட்டோ வந்தது. என் கையெழுத்து. 90 நிமிஷ டிடிகே கேசட்டின் அட்டை.

விடுதிக் காலத்தில் எங்கள் இசை எல்லாம் ரெக்கார்டிங் கடையிலிருந்து வந்தது. வெற்றுக் கேசட் வாங்கிக் கொடுத்தால் கடைக்காரர் ஒரு பக்கத்துக்கு ஓர் ஆல்பம் ஏற்றித் தருவார். ஒரு பக்கம் 45 நிமிஷம். பாப் டிலனின் 'பிளட் ஆன் த ட்ராக்ஸ்' 51 நிமிஷத்துக்கு மேல். 'ஷெல்டர் ஃப்ரம் த ஸ்டார்ம்' ஆரம்பித்து இரண்டு சரணம் போவதற்குள் நாடா தீர்ந்து டக்கென்று நிற்கும். அதற்குப் பின்னால் இன்னொரு பாட்டு இருக்கிறது என்பதே எனக்குப் பத்து வருஷம் தெரியாது. அந்த ஆல்பத்தில் பாதியை டிலன் 1974 டிசம்பர் கடைசியில் மினியாபொலிஸில் உள்ளூர்க்காரர்களை வைத்துத் திரும்பப் பதிவு செய்தார். உறை முன்பே அச்சாகிவிட்டதால் அவர்கள் பெயர் வரவில்லை. போன வருஷம் இதற்கும் அரை மார்க் குறைத்தவன் நான்.

அந்த அட்டையில் நான் எழுதியிருப்பது: 'ஏ - ஜெப் 1. பி - டிலன்'. அவ்வளவுதான். கீழே தாளம் கேட்டிருந்தான்: "ஜெப்பெலினுக்கே அஞ்சு எழுத்துல ரெண்டுதான் போட்டிருக்கே. இந்தக் கேசட்டால அந்த மினியாபொலிஸ் காரனுக்கு எத்தனை பைசா போச்சு மச்சான்? நமக்கு எவ்வளவு குறைக்கலாம்?"

கேட்டவன் இயற்றியதாகச் சொல்லிக்கொள்ளவில்லையே என்று அடித்தேன். அழித்தேன். இரண்டு தடவை.

இந்த ஞாயிறு விதிப்படி மறு மதிப்பீடு கேட்கலாம். நான் 8.5-ஐ மாற்றவில்லை. அவன் 10-ஐ 9.5 ஆக்கியிருந்தான். ஜெயித்துவிட்டேன் என்று கூப்பிட்டால், "பெயருக்கெல்லாம் இல்லைடா. நீ சொன்னியேனு அந்த ரெண்டு நிமிஷத்தை ஹெட்ஃபோன்ல கேட்டேன். தபேலாவை இன்னும் கொஞ்சம் தூக்கி வச்சிருக்கலாம்" என்றான்.